தேரைக்கு ஒரு கூலிங் லோட் கணக்கு

ரீல்ஸ்ல பார்த்திருப்பீங்க. முதுகு பளிச்சுனு பச்சை, அதுல கறுப்புத் திட்டு. வயிறு மட்டும் தீப்பிடிச்ச மாதிரி ஆரஞ்சு கலந்த சிவப்பு. மொத்தமே 4, 5 சென்டிமீட்டர்தான். இதுக்குப் பேரு ஃபயர் பெல்லி தேரை. அறிவியல் பெயர் பாம்பினா ஓரியென்டாலிஸ். பாதி நேரம் தண்ணியில, பாதி நேரம் கரையில. பகல்லயும் சுறுசுறுப்பா இருக்கும். வெளிநாட்டு வீடியோ எல்லாத்துலயும் இதைப் பத்தி ஒரே வரிதான்: "புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்தது, ரொம்ப ஈஸி."

அந்த "ஈஸி" எந்த ஊர்ல ஈஸி? இந்தக் கட்டுரைல நாம பார்க்கப்போறது அதைத்தான். எங்க ஊர் கட்டுமாவடி. புதுக்கோட்டை மாவட்டத்தோட கடற்கரை ஓரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில மீன் மார்க்கெட்டுக்குப் பேர் போன ஊர். ஒரு தொட்டியை அங்க வச்சோம்னு வச்சுக்குவோம். தெர்மோ, ஹீட் டிரான்ஸ்ஃபர், ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரி, இந்த மூணும் போதும். வாங்கலாமா வேண்டாமான்னு கணக்கே சொல்லிடும்.

1. முதல்ல ஆளைத் தெரிஞ்சுக்கோங்க

இந்தத் தேரையோட சொந்த ஊர் கொரியா, வடகிழக்குச் சீனா, அதை ஒட்டின ரஷ்யப் பகுதி. குளிர்காலத்துல பனி விழுற இடங்கள். அங்க குளிர் வந்தா கல்லுக்கு அடியிலயும் மரக்கட்டைக்குள்ளயும் போய்த் தூங்கிடும். வசந்தம் வந்தா குட்டை, ஓடை, வயல் தண்ணின்னு கிடைக்கிற இடத்துல இருக்கும்.

ஆபத்துன்னா முதுகை வளைச்சு, கையையும் காலையும் தூக்கி, வயித்தோட சிவப்பைக் காட்டும். "நான் விஷம், தொடாதே"ன்னு அர்த்தம். சும்மா மிரட்டல் கிடையாது, தோல்ல நிஜமாவே நச்சு சுரக்குது. இதோட ஐரோப்பிய உறவுக்கார இனத்தின் தோல்ல இருந்து 1970கள்ல பிரிச்செடுத்த ஒரு பெப்டைடுக்கு பாம்பெசின்னே பேரு வச்சாங்க. அதனால தொட்டா கையைச் சோப்பு போட்டுக் கழுவணும், கண்ணைக் கசக்கக் கூடாது. வேற மீனையோ தவளையையோ இதோட ஒரே தொட்டியில போடக் கூடாது. ரீல்ல அது வயித்தைத் தூக்கிக் காட்டினா, போஸ் குடுக்குதுன்னு நினைச்சு லைக் போடாதீங்க. அது பயந்து போயிருக்கு.

இன்னொரு விஷயம் ஆயுசு. நல்லா வச்சுக்கிட்டா 10 முதல் 15 வருஷம் சாதாரணமா வாழும், அதுக்கு மேலயும் போகலாம். இன்னிக்கு மூணாவது செமஸ்டர்ல வாங்குறீங்கன்னா, அது உங்க பிளேஸ்மென்ட், முதல் வேலை, ரெண்டாவது வேலை, கல்யாணம் எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் போகும். இந்த 15ஐ ஓரமா எழுதி வச்சுக்கோங்க, திரும்ப வரும்.

2. தோல்தான் எல்லாமே

தேரை வாயால தண்ணி குடிக்காது. அடிவயித்துலயும் தொடையிலயும் இருக்கிற மெல்லிய தோல் வழியா தண்ணி உள்ள போகும். மூச்சுல ஒரு பங்கும் அந்தத் தோல் வழியாத்தான். அதனால அதுக்குத் தொட்டித் தண்ணின்னா குடிதண்ணி, குளிக்கிற தண்ணி, பாதிக் காத்து, மூணும் சேர்ந்தது. நமக்குப் பழகிப்போன மூணு விஷயம் அதுக்கு ஆபத்து.

முதலாவது உப்பு. ஆஸ்மோசிஸ் ஞாபகம் இருக்கா? உப்புச் செறிவு குறைஞ்ச பக்கத்துல இருந்து கூடின பக்கத்துக்குத் தண்ணி போகும். தேரையோட உடல் திரவத்தின் செறிவு கடல் தண்ணியோட செறிவுல ஏறக்குறைய நாலுல ஒரு பங்கு. நல்ல தண்ணியில இருந்தா தண்ணி உள்ள வரும், சிறுநீரகம் வெளியேத்திடும். உவர்ப்பு ஏற ஏற உள்ள வர்றது குறையும், ஒரு கட்டத்துல ஓட்டமே திரும்பிடும். தண்ணிக்குள்ள உட்கார்ந்துக்கிட்டே தேரை காய்ஞ்சு போகும். கடலோர ஊர்ல போர் தண்ணி பல இடத்துல உவர்ப்பா இருக்கும், வாயில வச்சா நமக்கே தெரியும். அந்தத் தண்ணியை நேரா தொட்டியில ஊத்தக் கூடாது. டிடிஎஸ் மீட்டர்ல அளந்து பாருங்க. அதுக்காக முழுக்க ஆர்.ஓ. கேன் தண்ணியும் வேண்டாம். அதுல தாது உப்பு ரொம்பக் குறைவு, தேரையோட உடம்புல இருக்கிற உப்புதான் வெளிய கசியும். நல்ல குழாய்த் தண்ணியையோ, பிடிச்சு வச்ச மழைத் தண்ணியோட கொஞ்சம் குழாய்த் தண்ணி கலந்தோ பயன்படுத்தலாம்.

ரெண்டாவது குளோரின். பிளீச்சிங் பவுடர் போட்ட பஞ்சாயத்துத் தண்ணி நமக்கு நல்லது, மெல்லிய தோலுக்கு எரிச்சல். அகலமான வாளியில ஒரு நாள் திறந்து வச்சா பெரும்பாலும் போயிடும். அவசரம்னா மீன் கடையில ஹைப்போன்னு விக்கிற சோடியம் தயோசல்ஃபேட் ஒரு சிட்டிகை போதும்.

மூணாவது அம்மோனியா. தேரையோட கழிவு, தின்னாம விட்ட பூச்சி, எல்லாம் அழுகி அம்மோனியா ஆகும். இதுக்கு ரெண்டு வடிவம்: அம்மோனியம் அயனி, அம்மோனியா வாயு. கொல்றது பெரும்பாலும் ரெண்டாவதுதான். பி.ஹெச். 7ல இருந்து 8க்குப் போனா அந்த நச்சு வடிவத்தின் பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஏறும். சூடு கூடினாலும் ஏறும். தொட்டியில நைட்ரோசோமோனாஸ் மாதிரி பாக்டீரியா வளர்ந்துச்சுன்னா அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும், அடுத்த கூட்டம் அதை நைட்ரேட் ஆக்கும். இந்தப் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பான்ஜ்ல குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதனால தொட்டியை முதல்ல ஓட விடணும், தேரை ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் வரணும். கடைக்குப் போய் ரெண்டையும் ஒரே நாள்ல வாங்கிட்டு வந்தா, அந்த ஒன்றரை மாசமும் தேரை தன்னோட சாக்கடையிலயே உட்கார்ந்திருக்கும்.

3. சூடு: ஃபேன் ஏன் கைகொடுக்காது

தண்ணிப் பிரச்சினை மூணையும் பொறுமை இருந்தா சமாளிச்சிடலாம். நிஜமான சிக்கல் சூடு. இந்தத் தேரைக்குச் சௌகரியமான வெப்பநிலை 18 முதல் 24 டிகிரி. 28ஐத் தாண்டி நீடிச்சா உடம்பு தாங்காது. சூடு ஏறினா ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்கும்: தேரைக்கு ஆக்ஸிஜன் தேவை கூடும், தண்ணியில கரைஞ்ச ஆக்ஸிஜன் குறையும். தேவையும் சப்ளையும் எதிர் எதிர் திசையில ஓடும்.

"ஒரு சின்ன ஃபேன் வச்சா தண்ணி குளிர்ந்திடுமே?" நல்ல கேள்வி. மண்பானை வேலை செய்றதும் அப்படித்தான். ஆனா ஆவியாதலுக்கு ஒரு எல்லை இருக்கு: வெட் பல்ப் வெப்பநிலை. எவ்வளவு காத்து அடிச்சாலும் தண்ணி அதுக்குக் கீழ இறங்காது.

சைக்ரோமெட்ரிக் சார்ட்டை எடுங்க. ரெண்டு பாயின்ட் வைங்க.

உள்நாட்டுல கோடைப் பகல்: காத்து 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். வெட் பல்ப் சுமார் 24 டிகிரி.

கட்டுமாவடி மாதிரி கடற்கரையில: காத்து 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். வெட் பல்ப் சுமார் 29 டிகிரி.

பார்த்தீங்களா? 4 டிகிரி குறைவா இருக்கிற கடற்கரை ஊர்லதான் ஃபேன் தோத்துப் போகுது. உள்நாட்டுல அதே ஃபேன் தேரையோட எல்லையைத் தொட்டுடும். கடற்கரையில எவ்வளவு நல்ல ஃபேன் போட்டாலும் 29ல நிக்கும், அதாவது ஆபத்துக் கோட்டுக்கு மேல. கோடையில ராத்திரியும் பெருசா குளிராது, கடல் விடாது. ஆக ஆவியாதலை நம்ப முடியாது. வெப்பத்தை நாமதான் வெளிய எடுக்கணும்.

4. ஐஸ், தெர்மோகோல், கரண்ட்

60 × 30 × 30 சென்டிமீட்டர் கண்ணாடித் தொட்டி, மூணு தேரைக்குப் போதும். தண்ணி 11 சென்டிமீட்டர் உயரம், அதாவது சுமார் 20 லிட்டர். கல்லும் மேடையும் பிடிக்கிற இடத்தைக் கணக்குல விட்டுடுவோம். அறை சராசரி 31 டிகிரி, நமக்கு வேண்டியது 23. வித்தியாசம் 8.

முதல் தடவை குளிர வைக்க: 20 × 4.2 × 8 = 672 கிலோஜூல். ஒரு கிலோ ஐஸ் உருகி 23 டிகிரிக்கு வர்றப்போ சுமார் 430 கிலோஜூல் இழுக்கும். அதாவது ஒன்றரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல ஐஸ். இவ்வளவுதானா? ஆமா, இது ஒரு தடவைக்கு. அடுத்த நிமிஷமே அறையில இருந்து சூடு திரும்ப உள்ள வரும். கூலிங் லோட்னா அதுதான்.

தொட்டியோட மொத்தப் பரப்பு 0.9 சதுர மீட்டர். வெறும் கண்ணாடிக்கு யூ மதிப்பு ஏறக்குறைய 5ன்னு எடுத்துக்குவோம். 0.9 × 5 × 8 = 36 வாட். ஒரு நாளைக்கு 3,110 கிலோஜூல். ஐஸ்ல சொன்னா தினமும் 7.2 கிலோ.

இப்போ நம்ம ஊர்ல மூலைக்கு மூலை கிடைக்கிற ஒரு பொருளைக் கொண்டு வருவோம்: மீன் ஏத்துற தெர்மோகோல் பெட்டி. நல்லா கழுவிக் காய வச்ச இரண்டரை சென்டிமீட்டர் ஷீட்டை அடியிலயும் நாலு பக்கமும் வச்சா, அந்தப் பக்கங்களோட யூ மதிப்பு 5ல இருந்து சுமார் 1.2க்கு இறங்கும். மேல வலை மூடி, அதை அடைக்க முடியாது. மறுபடி போடுவோம்:

பக்கமும் அடியும்: 0.72 × 1.2 × 8 = 6.9 வாட்.
மேல்பக்கம்: 0.18 × 5 × 8 = 7.2 வாட்.
மொத்தம் சுமார் 14 வாட், தினமும் 2.8 கிலோ ஐஸ்.

பாதிக்கும் மேல மிச்சம். நாலு பக்கமும் மூடிட்டா எப்படிப் பார்க்குறதுன்னு கேட்டா, முன்பக்க ஷீட்டைக் கழட்டி மாட்டுற மாதிரி வைங்க. ஐஸை நேரா தண்ணியில போடாதீங்க. அது எந்தத் தண்ணியில பிடிச்சதுன்னு தெரியாது, மார்க்கெட் ஐஸ்னா உப்பும் மீன் ரத்தமும் ஒட்டியிருக்கும். பாட்டில்ல தண்ணி ஊத்தி, இறுக்கி மூடி, ஃப்ரீசர்ல வச்சு, அதை மிதக்க விடுங்க.

இப்போ அந்த 15ஐ எடுங்க. வருஷத்துக்கு எட்டு மாசம் மட்டும் குளிர்ச்சி தேவைன்னு வச்சாலும் 2.8 × 240 = 672 கிலோ. 15 வருஷத்துக்கு 10 டன். சில கிராம் எடை இருக்கிற ஒரு தேரைக்கு 10 டன் ஐஸ். ஒரு நாள் விடாம, நீங்க ஊர்ல இல்லாத நாளும் சேர்த்து.

பாட்டில் மாத்த முடியலைன்னா பெல்டியர் கூலர் இருக்கு. சி.ஓ.பி. அரைதான் வரும்னு எடுத்தா, 14 வாட் வெளிய எடுக்க 28 வாட் கரண்ட், மாசத்துக்கு 20 யூனிட். தெர்மோகோல் போடாத தொட்டிக்கு அதுவே 52 யூனிட். காசு பெருசு இல்லதான். ஆனா கரண்ட் போனா?

20 லிட்டர் தண்ணியோட வெப்பக் கொள்ளளவை, ஒரு டிகிரிக்கு எவ்வளவு வாட் கசியுதோ அதால வகுத்தா டைம் கான்ஸ்டன்ட் வரும். வெறும் கண்ணாடிக்கு 5 மணி நேரம், தெர்மோகோல் போட்டதுக்கு 13 மணி நேரம். 23ல இருந்து 28க்கு ஏற ஆகுற நேரமும் ஏறக்குறைய அவ்வளவேதான் வரும், எக்ஸ்பொனென்ஷியலைப் போட்டுப் பாருங்க. மாதாந்திர ஷட்டவுன் ஒரு பகல்னா, தெர்மோகோல் காப்பாத்தும், வெறும் கண்ணாடி காப்பாத்தாது. ஆனா 2018 நவம்பர் 16 அதிகாலையில கஜா புயல் கரையைக் கடந்தப்போ, புதுக்கோட்டை, தஞ்சாவூர் பக்கம் பல கிராமங்கள்ல நாள்கணக்குல கரண்ட் இல்ல. மனுஷங்க குடிதண்ணிக்கு அலைஞ்ச நேரம் அது. 15 வருஷத்துல அப்படி ஒரு வாரம் வராதுன்னு டிசைன் பண்றது நல்ல இன்ஜினியரிங் இல்ல.

5. படியளக்கிறது யாரு

கல்லுக்குள்ள இருக்கிற தேரைக்கும் ஆண்டவன் படியளப்பான்னு நம்ம பெரியவங்க சொல்லுவாங்க. கண்ணாடிக்குள்ள இருக்கிற தேரைக்கு நீங்கதான் படியளக்கணும்.

மத்த தவளை மாதிரி இதால நாக்கை வீசிப் பூச்சி பிடிக்க முடியாது. நாக்கு வட்டமா, வாயோட ஒட்டிக்கிட்டு இருக்கும். பாய்ஞ்சு வாயாலதான் கவ்வும். அசையாத பொருளைப் பெரும்பாலும் சாப்பாடாவே மதிக்காது. மீன் தீவனக் குருணையைத் தூவிட்டு ஊருக்குப் போற கதை நடக்காது. உயிருள்ள பூச்சிதான் வேணும்: சுவர்க்கோழி, சின்ன மண்புழு. வளர்ந்த தேரைக்கு வாரத்துக்கு ரெண்டு, மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலஞ்சு பூச்சி. ஆக, தேரை வளர்க்கிறதுன்னா பக்கத்துல இன்னொரு டப்பாவுல பூச்சியும் வளர்க்கிறதுன்னு அர்த்தம். ரூம் மேட்டிடம் முதல்லயே சொல்லிடுங்க, சுவர்க்கோழி ராத்திரி பூரா கத்தும்.

வயல்ல பிடிச்ச பூச்சி வேண்டாம், மருந்து அடிச்சிருப்பாங்க. சுவர்க்கோழியில பாஸ்பரஸ் கூட, கால்சியம் குறைவு. பூச்சி மேல கால்சியம் பொடி தூவிக் கொடுக்கலைன்னா எலும்பு மெலிஞ்சு வளையும். அந்த அழகான சிவப்பு வயிறுகூட சாப்பாட்டுல வர்ற கரோட்டினாய்ட் நிறமிகளால வர்றது. சரியான தீனி இல்லாம வளர்ந்தா வயிறு வெளிறி மஞ்சளாயிடும். எந்த நிறத்துக்காக வாங்கினோமோ அதுவே போயிடும்.

தொட்டிக்குள்ள தண்ணியில இருந்து சரிவா ஏறி வர ஒரு மேடை, ஒளிஞ்சுக்க ஓட்டுத் துண்டு, மெதுவா ஓடுற ஸ்பான்ஜ் ஃபில்டர் இருக்கணும். விழுங்குற சைஸ்ல கூழாங்கல் கூடாது, பூச்சியோட சேர்த்து முழுங்கிடும். மூடி இறுக்கமா இருக்கணும். ஈரத் தோலோட கண்ணாடியில ஒட்டி ஏறி வெளிய போயிடும். இந்தக் கடைசி விஷயம்தான் அடுத்த பகுதிக்கு வழி.

6. கான்வகேஷனுக்கு அப்புறம்

ஒவ்வொரு மே மாசமும் ஃபைனல் இயர் ஹாஸ்டல் காலி ஆகும். மெத்தை, பக்கெட், டிராஃப்டர் எல்லாம் ஜூனியருக்குப் போகும். தொட்டி எங்க போகும்? "பாவம், அது உயிராவது பிழைக்கட்டும்"னு பக்கத்து ஊரணியில விடுறவங்களுக்கு மனசுல கெட்ட எண்ணமே இருக்காது. ஆனா செய்யவே கூடாத ஒரே காரியம் அதுதான். ஏன்னு மூணு சம்பவம் சொல்றேன்.

ஒண்ணு, அந்தமான். மழைக்காலத்துல மஞ்சளா மாறி, தாடைக்கு ரெண்டு பக்கமும் நீலப் பை ஊதிக் கத்துமே, அந்தப் பெரிய இந்தியன் புல்ஃப்ராக், நம்ம வயல் தவளை. இங்க அது நல்ல பிள்ளை. மீன் குஞ்சு வளர்ப்போட சேர்ந்து அந்தமானுக்குப் போயிருக்கும்னு ஆய்வாளர்கள் கருதுறாங்க. அங்க அது ஆக்கிரமிப்பு இனம். நித்ய பிரகாஷ் மொஹந்தி, ஜான் மீஸி ரெண்டு பேரும் செஞ்சு 2019ல வெளியான பரிசோதனையில, புல்ஃப்ராக் தலைப்பிரட்டையோட ஒரே தொட்டியில விட்ட உள்ளூர்த் தலைப்பிரட்டைகள் எதுவும் மிஞ்சல. ஒரே நாட்டுக்குள்ள, கடல் தாண்டினதுக்கே இந்த நிலைமை.

ரெண்டு, மடகாஸ்கர். நம்ம வீட்டு வாசல் லைட்டுக்கு அடியில உட்கார்ந்து பூச்சி தின்னுமே சொறித்தேரை, அதே இனம் ஆசியாவுல இருந்து கப்பல் சரக்கோட டோமாசினா துறைமுகத்துக்குப் போயிருக்கு. 2014ல உலகத்துக்குத் தெரிய வந்துச்சு. மரபணுவைப் பார்த்து, வியட்நாம், கம்போடியா பக்கத்துல இருந்து போனதுன்னு கண்டுபிடிச்சாங்க. அந்தத் தீவுல தேரை இனமே கிடையாது. அதனால தேரை நச்சைத் தாங்கிப் பழகாத பாம்புகளும் சின்ன விலங்குகளும் அதைக் கடிச்சா ஆபத்து.

மூணாவது நம்ம ஃபயர் பெல்லியோடவே சம்பந்தப்பட்டது. கைட்ரிட்னு ஒரு பூஞ்சை. தவளைத் தோல்ல வளரும். தோல் வழியா நடக்கிற உப்புப் பரிமாற்றத்தைக் கெடுக்கும், கடைசியில இதயம் நின்னுடும். 1998ல கண்டுபிடிச்சாங்க. 2019ல வெளியான ஒரு கணக்கெடுப்பு, குறைஞ்சது 501 நீர்நில வாழ் இனங்கள் இதால சரிஞ்சிருக்கு, அதுல 90 அழிஞ்சிருக்கலாம்னு சொல்லுது. இந்தப் பூஞ்சை எங்க இருந்து கிளம்புச்சுன்னு 2018ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. மரபணுத் தடயம் போய் நின்ன இடம் கொரியத் தீபகற்பம். அங்க ஃபயர் பெல்லி தேரைகள்கிட்ட கிடைச்ச வகையும் அந்தத் தடயத்துல ஒண்ணு. அந்தத் தேரை பல காலமா பூஞ்சையோட பழகினது, பார்க்க ஆரோக்கியமாவே இருக்கும். பரவினதுக்கு முக்கியக் காரணமா ஆய்வு கைகாட்டுறது உயிருள்ள தவளை, தேரை வியாபாரத்தை.

இதுல ஒரு விபரீதப் பொருத்தம் இருக்கு. அந்தப் பூஞ்சைக்குப் பிடிச்ச வெப்பம் 17 முதல் 25 டிகிரி. 30 பக்கம் போனா தாங்காது. அதாவது நீங்க ஐஸும் தெர்மோகோலும் வச்சுக் கஷ்டப்பட்டு 23ல நிறுத்துற தொட்டி, தேரைக்கு மட்டுமில்ல, பூஞ்சைக்கும் ஏத்த வீடு. அதனால தொட்டித் தண்ணி மாத்தும்போது அதைக் குளத்துலயோ வாய்க்கால்லயோ ஊத்தாதீங்க. பிளீச்சிங் பவுடர் கலந்து ஒரு மணி நேரம் வச்சிருந்து, நீர்நிலைக்குப் போகாத வடிகால்ல விடுங்க. தொட்டிக்குன்னு தனி வாளி, தனி வலை வச்சுக்கோங்க.

7. ஏற்கனவே வாங்கியாச்சுன்னா

திட்ட மாட்டேன். இன்னிக்கே செய்ய வேண்டியது இது.

தண்ணிக்குள்ள ஒரு தெர்மாமீட்டர் போடுங்க. மதியம் 2 மணிக்கும் ராத்திரி 10 மணிக்கும் ஒரு வாரம் எழுதுங்க. 26ஐத் தாண்டினா தெர்மோகோலும் பாட்டிலும் ஆரம்பிங்க. பாட்டிலை ஒண்ணொண்ணா விடுங்க, ஒரேயடியா 5 டிகிரி இறக்காதீங்க. அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கி, பூஜ்யம் வர்ற வரைக்கும் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க.

வாங்கின பில் இருக்கான்னு பாருங்க, இறக்குமதி ஆவணம் கேளுங்க. 2022ல திருத்தின வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, சைட்டீஸ் பட்டியல்ல இருக்கிற அயல்நாட்டு உயிரினத்தை வச்சிருந்தா பதிவு செய்யணும். இந்தத் தேரை அந்தப் பட்டியல்ல இல்ல, ஆனா அதே விற்பனையாளர் காட்டுற வேற விலங்குகள் இருக்கலாம். பாங்காக்ல இருந்து பெட்டியில அடைச்சு வந்த விலங்குகளை சென்னை விமான நிலையத்துல பிடிச்ச செய்தி அடிக்கடி வருது. பில் கொடுக்காத கடை எங்க இருந்து வாங்குச்சுன்னு யோசிச்சுக்கோங்க.

சாப்பிடாம, தோல் உரிஞ்சு, திரும்பிப் படுத்தும் எழ முடியாம இருந்தா கால்நடை மருத்துவரைப் பாருங்க. எங்க பக்கத்துக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. முன்னாடியே போன் பண்ணி, தேரைன்னு சொல்லிக் கேட்டுட்டுப் போங்க.

ஊரை விட்டுப் போறீங்கன்னா, கூட எடுத்துட்டுப் போங்க. முடியலைன்னா, இந்தக் கணக்கைப் படிச்சுட்டு "சரி"ன்னு சொல்ற ஒருத்தர்கிட்ட, தொட்டியோட சேர்த்துக் கொடுங்க. அப்படி யாரும் இல்லைன்னா வித்த கடைக்கே திருப்பிக் கொடுங்க. ஊரணி இந்தப் பட்டியல்லயே கிடையாது.

8. கணக்கு ஒத்து வரலைன்னா

கட்டுமாவடிக்கு என் விடை: ஒத்து வரல. ஏசி நிக்காத வீடு, ஜெனரேட்டர், 15 வருஷம் அசையாம ஊர்லயே இருக்கிற ஆள், இந்த மூணும் இருந்தாத்தான் அந்தத் தேரைக்கு அங்க நியாயம் செய்ய முடியும். எனக்குத் தெரிஞ்ச எந்த மாணவனுக்கும் மூணும் சேர்ந்து இல்ல.

ஆனா பாதித் தண்ணி, பாதிக் கரையில வாழ்ற ஒரு உயிரைப் பார்க்கணும்ங்கிற ஆசைக்குக் கடையே தேவையில்ல. குளத்தோரம் நடந்தா தண்ணி மேலயே தத்தித் தத்தி ஓடி மூழ்குற சின்னத் தவளையைப் பார்த்திருப்பீங்க. யூஃப்ளிக்டிஸ் சயனோஃப்ளிக்டிஸ். நம்ம வெயில்லயே உருவானது, ஐஸ் கேட்காது. பிடிச்சுத் தொட்டியில போடாதீங்க, சில தவளை இனங்கள் வனஉயிரினச் சட்டத்துக்குள்ளயும் வரும். அதுக்குப் பதிலா அது உங்ககிட்ட வர்ற மாதிரி செய்யலாம். தோட்டத்துல நிழலான இடத்துல உடைஞ்ச மண்சட்டியைக் கவுத்து வைங்க, பக்கத்துல தரையோட தரையா அகலத் தட்டுல குளோரின் போன தண்ணி. வீட்டுத் தோட்டத்துல பூச்சி மருந்தை நிறுத்துங்க. கொஞ்ச நாள்ல சட்டிக்கடியில ஒரு சொறித்தேரை குடி வரலாம். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணி மாத்துங்க, கொசு வளராது.

ஐப்பசி மழை இறங்கினதும் டார்ச்சோட போய்த் தேங்கின தண்ணியைப் பாருங்க. ஜெல்லிக் கயிறு மாதிரி நீளமா, உள்ள கறுப்பு மணி கோத்த மாதிரி இருந்தா அது சொறித்தேரை முட்டை. கத்துற சத்தத்தை போன்ல பதிஞ்சு, போட்டோவோட ஐநேச்சுரலிஸ்ட்லயோ இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல்லயோ ஏத்துங்க. எங்க பக்கக் கடற்கரைத் தவளைகளைப் பத்தி அங்க ஒரு பதிவு கூடினாலும் லாபம்தான்.

கடைசியா உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இதே கணக்கை ஊட்டிக்குப் போட்டுப் பாருங்க. அறை 18, 20 டிகிரி. கூலிங் லோட் பூஜ்யம். ஐஸ் வேண்டாம், பெல்டியர் வேண்டாம், கரண்ட் போனாலும் கவலையில்ல. அப்போ அங்க வளர்க்கலாம்னு தோணும். ஒரு நிமிஷம் நில்லுங்க. தொட்டியில பிழைக்கிற தேரை, தொட்டிக்கு வெளியவும் பிழைக்கும். மூடி சரியில்லாத ஒரு ராத்திரி போதும். சுத்தி இருக்கிறது மேற்குத் தொடர்ச்சி மலை, உலகத்துல வேற எங்கயும் இல்லாத தவளை இனங்கள் வாழ்ற இடம். கைட்ரிட் பூஞ்சை அங்க ஏற்கனவே பதிவாகியிருக்கு, இன்னொரு வகை புதுசா வந்து சேர வேண்டாம். கட்டுமாவடியில தப்பிச்சா பெரும்பாலும் தேரை சாகும். ஊட்டியில தப்பிச்சா யார் சாவாங்கன்னு கணக்குப் போட நம்மகிட்ட ஃபார்முலா கிடையாது.

உங்க ஊரோட அறை வெப்பம், ஈரப்பதம், தொட்டி அளவு மூணையும் வச்சு லோட் கணக்கைப் போட்டு எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த இதழ்ல ஊர் வாரியா அட்டவணை போடுறோம். தேரை வாங்குறதா இருந்தா, அனுப்பினதுக்கு அப்புறம் முடிவு பண்ணுங்க.